மொட்டை மாடியும் கரண்ட் பில்லும்

சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா? அட்வான்ஸ் எத்தனை மாதம்? வண்டி நிறுத்த இடம் இருக்கா? வீட்டுக்காரர் திருப்பிக் கேட்கும் கேள்விகளும் தெரிந்தவைதான் (அதில் சிலதை இங்கே எழுத முடியாது, விடுங்கள்). ஆனால் மேல்மாடி வீட்டைப் பார்க்க வந்தவர்களில் ஒருவராவது, "சார், மொட்டை மாடியில என்ன போட்டிருக்கீங்க?" என்று கேட்டிருப்பாரா? சந்தேகம்தான். கேட்டிருந்தால், அந்த வீட்டில் ஏப்ரல், மே எப்படிப் போகும், கரண்ட் பில் எவ்வளவு வரும் என்பதில் பாதி அங்கேயே தெரிந்திருக்கும்.

மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வீடு என்றதும் சோலார் பேனலும் ஃபைவ் ஸ்டார் ஏ.சி.யும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. இரண்டுமே நல்ல சாமான்கள், சந்தேகமே இல்லை. ஆனால் அவை கடையில் வாங்கி மாட்டுகிறவை. வெயில் ஊரில் ஒரு வீடு எவ்வளவு கரண்ட் குடிக்கும் என்பது அதற்கு ரொம்ப முன்னாலேயே, இன்ஜினியர் பிளான் போடும்போதே முடிவாகிவிடுகிறது. எந்த சுவர் மேற்கே பார்க்கிறது, ஜன்னல் எங்கே, அதற்கு மேலே சன்ஷேடு உண்டா, தளத்துக்கு மேலே என்ன என்று அன்றைக்கு முடிவு செய்கிறவர் ஒருத்தர். அடுத்த நாற்பது வருடம் பில் கட்டுகிறவர் வேறொருத்தர். சிக்கல் இங்கேதான். அதற்கு வருவதற்கு முன் கொஞ்சம் வெயிலைப் பார்த்துவிடலாம்.

மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் வீடு என்று உலகம் முழுக்கப் பேசப்படுவது ஜெர்மனிக்காரர்களின் 'பாசிவ் ஹவுஸ்'. 1991-ல் டார்ம்ஸ்டாட் நகரத்தில் முதல் வீடுகள் வந்தன. தடிமனான இன்சுலேஷன், மூன்றடுக்குக் கண்ணாடி, காற்று ஒரு பொட்டுகூடக் கசியாத சுவர். உள்ளே இருக்கும் மனிதர்களின் உடல் சூடும் அடுப்புச் சூடும் வெளியே போகாமல் பிடித்துவைத்தாலே குளிர்காலத்தை ஏறக்குறைய ஓட்டிவிடலாம் என்பது ஐடியா. அருமையான ஐடியா, அந்த ஊருக்கு. சென்னையில் பிரச்சினையே தலைகீழ். இங்கே வெளியே துரத்த வேண்டியதைத்தான் அவர்கள் உள்ளே பிடித்துவைக்கிறார்கள்! காற்றுப் புகாத பெட்டியாக வீட்டைக் கட்டினால், ஈரப்பதத்தை எடுக்க ஒரு மிஷின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் போனால்? அது தனிக்கதை.

"அப்படியானால் ராஜஸ்தான் மாதிரி கட்டலாமே, அங்கேயும் வெயில்தானே" என்று தோன்றும். அதுவும் சரிப்படாது. பாலைவனத்தில் பகல் எவ்வளவு கொளுத்தினாலும் ராத்திரி சட்டென்று குளிர்ந்துவிடும். இரண்டடி கனத்தில் சுவர் எழுப்பினால் பகல் சூடு உள்ளே வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும், அப்புறம் சுவர் குளிர ராத்திரி முழுக்க நேரம் இருக்கிறது. சென்னையில் மே மாதம் பகல் சராசரியாக 37 டிகிரி என்றால் விடியற்காலையில்கூட 28. கனமான சுவர் பகல் முழுக்கக் குடித்த சூட்டை, மக்கள் பாய் விரிக்கிற நேரத்தில் உள்ளே துப்புகிறது. ஆகவே கடலோர வீட்டுக்கு வழி இரண்டுதான்: வெயில் கட்டடத்தின் மேல் விழாமல் நிழல் கொடுப்பது, காற்று உள்ளே வந்து வெளியே போக விடுவது. பழைய ஓட்டு வீடும் திண்ணையும் தாழ்வாரமும் இதைத்தான் செய்துகொண்டிருந்தன. யாரும் அதை எனர்ஜி எஃபிஷியன்ஸி என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சூரியன் எங்கே நிற்கிறது என்பது அடுத்தது. சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் உச்சிவேளைச் சூரியன் நேர் தலைக்கு மேல் வருகிறது. அதற்குப் பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவெயில் கொஞ்சம் வடக்குப் பக்கம் சாய்ந்துதான் விழும். அதாவது அக்னி நட்சத்திரம் கொளுத்துகிற நாளில் தெற்குச் சுவரில் நேர் வெயிலே கிடையாது! வாஸ்து பார்க்கிறவர்கள் தெற்கு வாசலைக் கண்டு பயப்படுகிற அளவுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் செய்துவிடவில்லை, பாவம். தெற்கு ஜன்னலுக்கு இரண்டடி சன்ஷேடு போட்டாலே பிப்ரவரி கடைசியிலிருந்து உச்சிவேளையில் நாலடி ஜன்னல் முழுக்க நிழலில் இருக்கும்.

உண்மையான வில்லன் மேற்குச் சுவர். மே மாதம் சாயங்காலம் நாலு மணிக்குச் சூரியன் ரொம்ப இறங்கிவிடும். அதே இரண்டடி சன்ஷேடு அந்நேரம் ஒன்றரை அடி நிழல்கூடத் தராது. மீதி ஜன்னல் வழியாக வெயில் நேரே கட்டில் மேல் வந்து உட்காரும். மேற்கே ஜன்னலைச் சின்னதாக்கலாம், அந்தப் பக்கம் படுக்கையறைக்குப் பதில் பாத்ரூம், மாடிப்படி, ஸ்டோர் ரூம் என்று வைக்கலாம், வெளியே செங்குத்தாக மூங்கில் தட்டி தொங்கவிடலாம், இடமிருந்தால் ஒரு வேப்பமரம் வைக்கலாம். பிளான் போடும் நாளில் இதற்கெல்லாம் பெரிதாகச் செலவே இல்லை. பாத்ரூமை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்ற ரப்பர் போதும்.

ஆனால் மேற்குச் சுவரையும் தூக்கிச் சாப்பிடுவது தளம். சுவருக்காவது பாதி நாள் நிழல் உண்டு, பக்கத்து வீட்டு நிழலாவது விழும். மொட்டை மாடிக்கு காலை ஏழிலிருந்து சாயங்காலம் ஆறு வரை ஓய்வே கிடையாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தெளிந்த வானத்தில் உச்சிவெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட். 600 சதுர அடி தளம் என்றால் 56 சதுர மீட்டர். அதாவது 56 கிலோவாட் வெயில் அந்தச் சின்ன வீட்டுத் தலையில் விழுகிறது. பழசாகிக் கறுத்த சிமென்ட் தளம் அதில் மூன்றில் இரண்டு பங்கைக் குடித்துவிடும். குடித்ததில் பெரும்பகுதி காற்றோடு போய்விடுகிறது என்பது உண்மைதான். ஆனால் மேற்பரப்பு 60 டிகிரியை நெருங்கும்போது உள்ளே 30 டிகிரி இருந்தால், இடையில் 30 டிகிரி வித்தியாசம். வெறும் ஆறு அங்குல கான்கிரீட், ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டரில் சுமார் மூன்றரை வாட் சூட்டை உள்ளே விடும். இதை 'யூ மதிப்பு' என்கிறார்கள். பெருக்கினால் ஏறக்குறைய 5,900 வாட் வருகிறது.

இந்த 5,900-ஐ ஏ.சி.யோடு ஒப்பிட வேண்டும். ஏ.சி.யை 'ஒன்றரை டன்' என்று சொல்கிறோமே, அந்த டன் என்ன தெரியுமா? ஐஸ்! ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை இழுக்குமோ அதுதான் ஒரு டன், சுமார் 3,500 வாட். ஐஸ் வியாபாரக் காலத்தில் வந்த அளவு. அந்த வியாபாரத்தின் மிச்சம் சென்னையிலேயே நிற்கிறது. மெரினாவில் விவேகானந்தர் இல்லம் என்று இன்று சொல்லும் கட்டடம், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸைச் சேர்த்துவைக்க 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸ். வெயிலைச் சமாளிக்க பாஸ்டனிலிருந்து ஐஸ்கட்டியை இறக்குமதி செய்த ஊர் இது. அதோடு பார்த்தால் ஏ.சி. வாங்குவது ஒன்றும் பெரிய ஆடம்பரமில்லை :)

சரி, கணக்குக்கு வருவோம். ஒன்றரை டன் ஏ.சி. முழு மூச்சாக ஓடினால் இழுப்பது சுமார் 5,300 வாட் சூடு. தளம் மட்டும் உள்ளே அனுப்புவது 5,900. ஒரு ஏ.சி. முழுக்க முழுக்க மொட்டை மாடிக்கு வேலை செய்து, அப்போதும் தோற்கிறது. மேற்குச் சுவர், ஜன்னல், அடுப்படி, நாலு மனிதர்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான். தோராயக் கணக்குதான் இது, காற்று, மேகம் எல்லாம் பார்த்தால் கூடும் குறையும். ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெளிவு.

இதே கணக்கில் இரண்டு எண்களை மாற்றிப் பாருங்கள். தளத்தின் மேல் இன்சுலேஷன் போட்டு மூன்றரையை 1.2 ஆக்கினால் 5,900 வாட் 2,000 ஆகிவிடும். அல்லது இன்சுலேஷனே இல்லாமல், தளத்தை வெள்ளையடித்து அதன் சூட்டை 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால் வித்தியாசம் 10 டிகிரிதான். அப்போதும் ஏறக்குறைய அதே 2,000! ஒன்றுக்கு ஆகும் செலவுக்கும் இன்னொன்றுக்கு ஆகும் செலவுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். காஸ்ட் அக்கவுன்டிங் படித்தவர்களுக்குக் கை பரபரக்க வேண்டிய இடம் இது.

பழைய மெட்ராஸ்காரர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 'மெட்ராஸ் டெரஸ்' என்று ஒரு கட்டுமான முறையே இந்த ஊர் பெயரில் இருக்கிறது. மர உத்திரங்களின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்தாக, மூலைவாட்டில் சுண்ணாம்பில் அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். கான்கிரீட் தளம் வந்த பிறகும் மேலே சுருக்கி போட்டுத் தட்டோடு பதிக்கிற பழக்கம் ரொம்ப நாள் இருந்தது. மழைத் தண்ணீருக்காகச் செய்தது, வெயிலுக்கும் உதவியது. இப்போது பல இடங்களில் அதை விட்டுவிட்டு ஒரு வாட்டர் புரூஃப் கெமிக்கலைப் பூசிக் கணக்கை முடித்துவிடுகிறார்கள். தண்ணீர் இறங்காது. சூடு இறங்கும்.

வெள்ளையடிப்பதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சுண்ணாம்போ, கடையில் விற்கும் கூல் ரூஃப் பெயின்ட்டோ, எதுவானாலும் தூசி படிந்தால், மழையில் பாசி பிடித்தால் வேலை பாதிதான் நடக்கும். வருடா வருடம் கழுவ வேண்டும், சுண்ணாம்பு என்றால் மறுபடி அடிக்க வேண்டும். எதிர் மாடிக்காரர் கண் கூசுகிறது என்று சண்டைக்கு வரலாம். வற்றல் போட, துணி காயப்போடப் போகிறவர்களுக்கும் கண் கூசும். இதெல்லாம் உண்மையான குறைகள். அப்படியும் தெலங்கானா அரசு 2023-ல் இதற்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. அகமதாபாத்தில் 2010 வெப்ப அலையில் பட்ட அடிக்குப் பிறகு 2013-ல் வெப்பச் செயல்திட்டம் ஒன்று போட்டார்கள். பின்னால் அதில் ஏழைகள் வீட்டுக் கூரைக்கு வெள்ளையடிப்பதையும் சேர்த்தார்கள்.

இன்னொரு வழி நிழல். மொட்டை மாடியில் தென்னங்கீற்றுப் பந்தல் போடுவது பழைய பழக்கம். இப்போது பழைய அபார்ட்மென்ட்களில் ஒழுகலுக்குப் பயந்து தளத்துக்கு மேல் எட்டடி உயரத்தில் மெட்டல் ஷீட் கூரை போடுகிறார்கள் இல்லையா, அதைப் பார்த்து அழகில்லை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் அது செய்கிற காரியம் பெரியது. ஷீட் காய்ந்தாலும் நடுவே காற்று ஓடுகிறது, தளத்தின் மேல் நேர் வெயில் விழுவதே இல்லை. சோலார் பேனலும் இந்த வகையில் ஒரு பந்தல்தான். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் என்று அறிவித்தார்கள். பேனலை உயரமாக மாட்டினால் கரண்டும் வரும், கீழ் வீட்டுக்கு நிழலும் வரும். (கறுப்பு வாட்டர் டேங்கையும் அதன் கீழே தள்ளிவிட்டால் மத்தியானம் இரண்டு மணிக்குக் குழாயில் வெந்நீர் வராது. இலவச கீசர் வேண்டுமென்றால் விட்டுவிடலாம்!)

சுவர் விஷயத்தில் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. லாரி பேக்கர். 1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர், 1945-ல் தொழுநோயாளிகளுக்கான பணிக்காக இந்தியா வந்தவர், கடைசியில் திருவனந்தபுரத்தில் தங்கி 2007-ல் அங்கேயே இறந்தவர். அவர் செங்கல்லைப் படுக்கையாக வைக்காமல் குத்தாக வைத்துச் சுவர் எழுப்புவார். ஒன்பது அங்குலச் சுவர்தான், ஆனால் நடுவே மூன்று அங்குலம் வெற்றிடம். 'ராட் டிராப்', எலிப்பொறிக் கட்டு என்று பெயர். செங்கல் ஏறக்குறைய கால்வாசி மிச்சம், உள்ளே சிக்கிய காற்று சூட்டையும் தடுக்கும். தளத்திலும் அப்படித்தான். கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் பாரத்தை இழுத்துப் பிடிப்பது கம்பி, அங்கே கான்கிரீட் சும்மா கனத்துக்கு இருக்கிறது. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓட்டை வைத்து வார்த்தார். கான்கிரீட் மிச்சம், தளமும் லேசு, ஓட்டுக்கு நடுவில் காற்று இருந்தால் சூடும் கொஞ்சம் குறைவு. ஜன்னல் கதவுக்குச் செலவு செய்யாமல் செங்கல்லிலேயே ஜாலி வைத்துவிடுவார், நாள் முழுக்கக் காற்று வரும்.

இதில் கவனிக்க வேண்டியது, அவர் முதலில் பார்த்தது கட்டும் செலவை. காசில்லாதவனுக்கு வீடு கட்ட வேண்டும், அதனால் தேவையில்லாத பொருளை எடுத்துவிடு என்று ஆரம்பித்தார். பசுமைக் கட்டடம் என்றால் பத்து சதவீதம் அதிகச் செலவாகும் என்று சொல்லும் பில்டர்கள் ஒரு முறை திருவனந்தபுரம் போய், வளர்ச்சி ஆய்வு மையத்துக்கு அவர் கட்டிய வளாகத்தைப் பார்த்துவிட்டு வரலாம். ஒரே குறை, எலிப்பொறிக் கட்டுக்குச் செங்கல் ஒரே அளவில் இருக்க வேண்டும், பழகின கொத்தனார் வேண்டும். அவசரத்துக்குக் கிடைக்க மாட்டார்.

ஜன்னலுக்கு வந்தால் கோபம்தான் வருகிறது. 'எலிவேஷன்' அழகுக்காக சன்ஷேடை எடுத்துவிட்டார்கள். லிண்டலுக்கு மேலே சூடான காற்று வெளியே போக ஒரு வென்டிலேட்டர் இருக்கும், அதையும் எடுத்துவிட்டார்கள். சாதாரணக் கதவு ஜன்னல் முழுசாகத் திறக்கும், அதற்குப் பதில் ஸ்லைடிங் போட்டார்கள். இரண்டு கண்ணாடி ஸ்லைடிங்கில் எப்படித் தள்ளினாலும் பாதிதான் திறக்கும். நாலடி ஜன்னலுக்குக் காசு கொடுத்து இரண்டடிக் காற்று! சரி, இருக்கிற ஜன்னலையாவது திறப்பார்களா? சென்னையில் ஆறு மணிக்குக் கடல்காற்று நன்றாக வீசும் நேரத்தில்தான் கொசுவுக்குப் பயந்து எல்லா வீட்டிலும் ஜன்னலைச் சாத்துகிறார்கள். காற்றோட்டம் பற்றி எழுதுகிற கட்டடக்கலைப் புத்தகங்கள் கொசுவைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. நல்ல கொசுவலை அடித்த, முழுசாகத் திறக்கும் ஜன்னல் ஒன்று, எதிர்ச்சுவரில் இன்னொன்று, இந்த இரண்டும் இல்லாமல் காற்றோட்டம் என்று பேசுவதில் அர்த்தமில்லை.

ஃபேனைப் பற்றி இரண்டு வரி போதும். பழைய சீலிங் ஃபேன் 75 வாட், பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் வித்தியாசம். மூன்று ஃபேன் இருந்தால் 120. கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம்.

இப்போது ஆரம்பத்தில் விட்ட சிக்கலுக்கு வரலாம். இவ்வளவு சுலபமென்றால் ஏன் யாரும் செய்வதில்லை? கான்கிரீட் தளமும் சன்ஷேடும் பில்டருக்கு மூலதனச் செலவு. கரண்ட் பில் குடியிருப்பவருக்கு மாதாந்திரச் செலவு. இரண்டும் வேறு வேறு ஆட்களின் கணக்குப் புத்தகத்தில் இருக்கின்றன. பில்டர் சதுர அடிக்கு ஐம்பது ரூபாய் மிச்சம் பிடித்தால் அது அவர் லாபம். அதனால் நாற்பது வருடம் கூடும் பில் அவர் புத்தகத்தில் எங்கேயும் வராது. ஃபிரிட்ஜ் வாங்கினால் கதவில் நட்சத்திர ஸ்டிக்கர் இருக்கிறது. சீலிங் ஃபேனுக்கே 2023 ஜனவரியிலிருந்து கட்டாயம். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கும் வீட்டில் அப்படி ஒன்றைப் பார்த்தவர் யார்?

சட்டம் இல்லாமல் இல்லை. 2018 டிசம்பரில் மத்திய அரசு 'எகோ நிவாஸ் சம்ஹிதா' என்று குடியிருப்புக் கட்டடங்களுக்கான விதி ஒன்றை வெளியிட்டது. தளத்தின் யூ மதிப்பு 1.2-க்கு மேல் போகக் கூடாது, சென்னை மாதிரி ஈர வெப்ப ஊரில் திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் நல்ல விஷயங்கள் இருக்கின்றன. ஆனால் அந்த விதி 500 சதுர மீட்டர் மனையிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. 500 சதுர மீட்டர் என்றால் சுமார் 5,400 சதுர அடி, இரண்டு கிரவுண்டுக்கும் மேல்! அரை கிரவுண்டில் கீழே ஓனர், மேலே இரண்டு போர்ஷன் என்று கட்டும் வீடு அதன் கண்ணிலேயே படாது. வெயில் மட்டும் மனை அளவு பார்ப்பதில்லை.

சரி, மேல்மாடியில் குடியிருப்பவரே செலவு செய்து வெள்ளையடித்துக்கொண்டால்? கணக்குப் பார்ப்போம். ராத்திரி எட்டு மணி நேரம் ஓடும் ஏ.சி., விட்டு விட்டு ஓடுவதால் சுமார் 7 யூனிட் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். தளம் குளிர்ந்ததால் தினமும் ஒரு மணி நேரம் குறைவாக ஓட்டினால் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம். மார்ச்சிலிருந்து ஜூன் வரை 120 ராத்திரி, நூற்றுச் சொச்சம் யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்றாலும் ஆயிரம் ரூபாய்க்குள்தான். 2022 செப்டம்பரில் மாற்றிய கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளுக்கும் விலை ஏறியது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் இன்னும் கொஞ்சம் மிச்சம். சுண்ணாம்பும் ஆள் கூலியும் சேர்த்து மூவாயிரம் ரூபாய் ஆனால் போட்ட காசு எடுக்க மூன்று கோடை வேண்டும். அதற்குள் சுண்ணாம்பு இரண்டு முறை கரைந்துவிடும். கையில் இருப்பதோ பதினோரு மாத அக்ரிமென்ட். தவிர மொட்டை மாடி வீட்டுக்காரருடையது, அங்கே ஆணி அடிக்கவே அவர் அனுமதி வேண்டும். ரூபாய்க் கணக்குப்படி குடியிருப்பவர் செய்யாமல் இருப்பதுதான் சரி. வீட்டுக்காரருக்கோ பில்லே வருவதில்லை. சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குபவராக இருந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டு பேரும் புத்திசாலித்தனமாக நடந்துகொள்கிறார்கள், தளம் காய்ந்துகொண்டே இருக்கிறது.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஆளைக் காணோம். ஏ.சி.யே இல்லாதவர். மேல்மாடி ஒற்றை ரூமில், அல்லது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே ஒரு ஃபேனை வைத்துக்கொண்டு இருப்பவர். அவர் தலைக்கு மேலே நாளைக்கே வெள்ளையடித்தாலும் ஒரு யூனிட்கூட மிச்சமாகாது. ஃபேன் அதே வேகத்தில்தான் ஓடும், பில் அதே பில்தான். மின்சாரச் சிக்கனம் என்ற தலைப்பில் அவர் வீட்டுக்குக் கிடைப்பது பூஜ்யம். அவருக்குக் கிடைப்பது ராத்திரி ஒன்பது மணிக்கு வரும் தூக்கம். பகல் முழுக்கக் காய்ந்த தளத்துக்குக் கீழே வயதானவர்கள் விடிய விடிய வியர்த்துக் கிடப்பது எந்த மீட்டரிலும் ஓடுவதில்லை. உடம்பு பகல் சூட்டைத் தாங்கிக்கொள்வதே ராத்திரி கொஞ்சம் ஆறலாம் என்ற நம்பிக்கையில்தான், அந்த ராத்திரியும் இல்லையென்றால் இதயம் ஓய்வில்லாமல் ஓடுகிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. அந்த 4 லட்சத்தில் எத்தனை மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம் என்பது ஐந்தாம் வகுப்பு வகுத்தல் கணக்கு. மூவாயிரத்தால் வகுத்தால் 133.

வாடகையில் கழித்துக்கொள்வது ஒரு வழி. குடியிருப்பவர் சுண்ணாம்பு வாங்கி ஆள் வைத்து அடிப்பது, வீட்டுக்காரர் அதை அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்ள ஒப்புக்கொள்வது. ஒழுகலும் வெடிப்பும் குறையும் என்று சொன்னால் வீட்டுக்காரர்கள் பலர் காது கொடுப்பார்கள், வெயில் குறையும் என்று சொன்னால் கொடுக்க மாட்டார்கள். அதனால் ஒழுகலைச் சொல்லியே கேட்கலாம், பொய்யில்லை, தினமும் சூடேறி ஆறுவதில்தான் தளம் வெடிக்கிறது. கேட்பதை மார்கழி, தை மாதத்திலேயே கேட்டுவிட வேண்டும். பங்குனியில் சுண்ணாம்பு அடிக்க ஆள் தேடினால் எல்லோரும் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள், மொட்டை மாடியில் பத்து மணிக்கு மேல் காலும் வைக்க முடியாது.